விமானத்தில் இருவர் பேசிக்கொள்ள

இரண்டு தீப்பெட்டிகள், பத்து முழம் நூல், இரண்டு ஈர்க்குத் துண்டுகள். இவ்வளவு கிடைத்தால் போதும், நம் ஊர்ப் பிள்ளைகள் டெலிபோன் செய்துவிடுவார்கள். ஒருவன் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டிக்குள் முணுமுணுப்பான். மற்றவன் தெருக்கோடியில் தன் தீப்பெட்டியைக் காதில் பொருத்திக்கொண்டு சிரிப்பான். நூல் தளர்ந்தால் பேச்சு நின்றுவிடும். நூலின் நடுவில் ஒரு விரல் பட்டாலும் நின்றுவிடும். இந்த விளையாட்டை ஆடாதவர்கள் நேயர்களில் மிகச் சிலராகவே இருப்பார்கள். இன்று நான் சொல்ல வந்த விஷயமும் ஏறக்குறைய இதுதான். இரண்டு பேர், அவர்களுக்கு நடுவே சில முழம் கம்பி. வேறுபாடு ஒன்றே ஒன்று. இந்த இருவரும், ஒருவர் தம் கையாலேயே கட்டிய சிறிய ஆகாய விமானத்தில், தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கிறார்கள்.

தோளோடு தோள் உரச அமர்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்ளக் கம்பி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன், இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வசிப்பது அடி அண்ணாமலையில். திருவண்ணாமலையை வலம் வரும் அன்பர்கள் 14 கிலோமீட்டர் நடக்கும்போது, மலையின் மேற்குப் புறத்தில் எங்கள் ஊரைக் கடந்து செல்கிறார்கள். ரேடியோ பழுது பார்ப்பதும், விழாக் காலங்களில் ஒலிபெருக்கி கட்டுவதும் நாற்பது ஆண்டுகளாக என் தொழில். விமானத்துக்கும் எனக்கும் உள்ள உறவு அண்ணாந்து பார்க்கும் உறவு ஒன்றுதான். ஆனால் என் தமக்கையின் மகன் ஒருவன், பொறியியல் படித்தவன், நண்பர்கள் மூவருடன் சேர்ந்து கருநாடகத்தில் ஒரு சிறிய விமானத்தளத்துக் கொட்டகையில் இரண்டு பேர் அமரக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டிவருகிறான். இறக்கையும் உடலும் எழுந்துவிட்டன. யந்திரம் பொருத்தியாகிவிட்டது. அரசாங்கத்தின் பதிவும், பறப்பதற்கான அனுமதியும் பெறும் வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரு நாள் காலை, கம்பிச் சுருள்களையும் காகிதங்களையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்தான்.

“மாமா, இன்டர்காம் ஒன்று பொருத்த வேண்டும். எதை வாங்குவது, எப்படிக் கம்பி இழுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான்.

“விமானத்தைப் பற்றி எனக்கு என்னப்பா தெரியும்?” என்றேன்.

“விமானத்தைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன். இரைச்சலைப் பற்றி உங்களுக்குத் தெரியும்” என்றான்.

அது உண்மைதான். கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் ஊர்ச் சாலையில் ஒலிபெருக்கி கட்டியவனுக்கு இரைச்சலைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது.

தாமே விமானம் கட்டிப் பறப்பது ஏதோ அயல்நாட்டாரின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். நம் மண்ணில் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னை மௌண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த டி’ஆஞ்சலிஸ் என்னும் கார்சிகா தீவினர், பிளெரியோ 1909-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியைக் கேட்டு ஊக்கம் கொண்டு, தாமே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்றிருந்த ஸிம்ப்ஸன் கம்பெனியார் அதைச் செய்து கொடுத்தார்கள். 1910-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பல்லாவரத்தில் அது பறந்தது. இந்திய வானில் நிகழ்ந்த முதற் பறப்பு அதுவே என்று கூறுவோர் உண்டு. நம் காலத்தில், மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமான ஓட்டி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரக்கூடிய விமானத்தைக் கட்டினார். 2016-ஆம் ஆண்டில் அது மும்பைக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அரசாங்கப் பதிவும் பெற்றது. கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி இப்பேச்சின் முடிவில் சொல்கிறேன்.

இனி, கம்பி எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். இரண்டு பேர் அமைதியான அறையில் பேசும் பேச்சின் அளவு ஏறக்குறைய 60 டெசிபெல். சிறிய விமானம் ஒன்றின் உள்ளே யந்திரமும் விசிறியும் காற்றும் சேர்ந்து எழுப்பும் ஓசை 90 டெசிபெல்லுக்குக் குறைவதில்லை. பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும். 60-க்கும் 90-க்கும் வேறுபாடு ஒன்றரை மடங்குதானே என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. டெசிபெல் கணக்கில் பத்துப் பத்தாக ஏறும்போது, ஒலியின் ஆற்றல் ஒவ்வொரு முறையும் பத்து மடங்காகிறது. ஆகவே முப்பது டெசிபெல் வேறுபாடு என்பது ஆயிரம் மடங்கு. தோளோடு தோள் உரச அமர்ந்தவர்களுக்கும் கம்பி வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

முதல் உலகப் போரின்போது விமானம் ஓட்டக் கற்ற இளைஞர்களுக்கு இந்தச் சங்கடம் பெரிதாக இருந்தது. ஆசிரியர் ஓர் இருக்கையில், மாணவன் வேறோர் இருக்கையில். காற்றின் இரைச்சலில் ஆசிரியரின் சொல் மாணவனுக்கு எட்டாது. 1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்னும் இடத்தில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்னும் அதிகாரி ஒரு புதிய பயிற்சி முறையைத் தொடங்கினார். அங்கே பிறந்ததுதான் ‘காஸ்போர்ட் குழாய்’ என்பது. ஒரு முனையில் வாய் வைத்துப் பேசும் புனல். நடுவே ரப்பர்க் குழாய். மறு முனை மாணவனின் தோல் தொப்பியில் காதுகளோடு பொருந்தும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை; நம் தீப்பெட்டி டெலிபோனுக்கு அண்ணன் என்று சொல்லலாம். பிற்காலத்தில் நம் நாட்டிலும் எத்தனையோ விமானிகள் பழகிய ‘டைகர் மாத்’ என்னும் பயிற்சி விமானத்திலும் ஆசிரியரின் கண்டிப்பு இந்தக் குழாய் வழியாகவே மாணவனின் காதில் இறங்கியது.

குழாயின் இடத்தில் இன்று மைக்கும் ஹெட்போனும், இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபையரும் இருக்கின்றன. இந்த ஆம்ப்ளிஃபையர்ப் பெட்டியைத்தான் இன்டர்காம் என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. அதைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, அது உயிர் விட்டாலும் விமானியின் குரல் உயிர் விடக் கூடாது. விமானியின் மைக்கும் ஹெட்போனும் இந்தப் பெட்டி வழியாகத்தான், தரையோடு பேசும் ரேடியோவுக்குப் போகின்றன. பெட்டிக்கு வரும் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? நல்ல பெட்டியில், அந்தக் கணமே விமானியின் மைக்கும் ஹெட்போனும் ரேடியோவோடு நேராக இணைந்துகொள்ளும். இந்த ஏற்பாடு இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாமற் போனால் சைகை காட்டிக்கொள்ளலாம். தரையோடு பேச முடியாமற் போனால் சைகை உதவாது.

இரண்டாவது, ‘ஸ்குவெல்ச்’ என்னும் வாயிற்காவலன். மைக் எப்போதும் திறந்தே இருந்தால் யந்திர இரைச்சல் முழுவதும் காதில் வந்து விழும். ஆகவே, பேச்சு எழும்போது மட்டும் திறந்து, பேச்சு நின்றதும் மூடிக்கொள்ளும் கதவு ஒன்றை மின்சாரத்தால் அமைத்திருக்கிறார்கள். எந்த அளவு ஓசைக்குத் திறக்க வேண்டும் என்பதை ஒரு குமிழைத் திருகி நாமே வைத்துக்கொள்ளலாம். சில பெட்டிகளில் அது தானாகவே அமைந்துகொள்ளும். ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனிக் கதவு இருக்கும் பெட்டி மேலானது. ஒரே கதவாக இருந்தால், ஒருவர் பேசத் திறந்த வழியில் மற்றவருடைய மைக்கின் இரைச்சலும் உள்ளே நுழைந்துவிடும். இந்தக் காவலனைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது. என் உயிரோடு தொடர்புடைய செய்தி அது.

மூன்றாவது, தனிமை. விமானத்தளத்தை நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் சொல்லை விமானி எழுத்து விடாமல் கேட்க வேண்டும். அப்போது பக்கத்தில் அமர்ந்திருப்பவர், “அதோ பார் ஏரி, அதோ பார் கோபுரம்” என்று மகிழ்ந்துகொண்டிருந்தால் ஆபத்து. ஒரு ஸ்விட்சைத் தட்டினால் விமானியும் ரேடியோவும் மட்டும் தனித்துப் பேசிக்கொள்ளும் வசதி பெட்டியில் இருக்க வேண்டும். பாட்டுக் கேட்கும் வசதி இருந்தால், ரேடியோவில் குரல் எழுந்தவுடன் பாட்டு தானாகவே அடங்க வேண்டும்.

நான்காவது, பொருத்தம். இங்கேதான் என் போன்ற ஒலிபெருக்கிக்காரன் ஏமாறக்கூடும். கோயில் மேடையில் வைக்கும் மைக்கை விமானத்தில் மாட்டினால் பேசாது. காரணம் பழைய வரலாறு. விமான ரேடியோ தோன்றிய காலத்தில் கரித்தூள் மைக்குகள்தாம் இருந்தன. அவற்றுக்குச் சிறிதளவு மின்சாரத்தை ரேடியோவே கொடுக்க வேண்டும். கரித்தூள் மைக் மறைந்துவிட்டது. ஆனால் அந்த மின்சாரம் கொடுக்கும் வழக்கம் மாறவில்லை. இன்றைய விமான மைக்கின் உள்ளே இருக்கும் குட்டி ஆம்ப்ளிஃபையர் அந்த மின்சாரத்தில்தான் உயிர் வாழ்கிறது. ஹெட்போனும் அப்படியே. நாம் பாட்டுக் கேட்கும் காதுக்கருவியின் மின்தடை சில பத்து ஓம்தான். விமான ஹெட்போனுடையது சில நூறு ஓம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டினால், ஒருவருக்குக் காது செவிடாகும். மற்றவருக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு பிளக்குகளின் பருமனும் வேறு வேறு. ஹெட்போன் பிளக் கால் அங்குலம். மைக் பிளக் அதைவிடச் சற்று மெலிந்தது. இருட்டில் தடவி மாட்டினாலும் தவறு நேராதபடி முன்னோர் செய்த ஏற்பாடு என்று இதைப் பாராட்டத் தோன்றுகிறது.

ஹெட்போனில் இன்று ஒரு புதுமை வந்திருக்கிறது. காதுக் கிண்ணத்தின் உள்ளே சிறு மைக் ஒன்று இருந்து இரைச்சலைக் கேட்கிறது. அந்த இரைச்சலுக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதனோடு மோதவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 1986-ஆம் ஆண்டு டிசம்பரில் டிக் ரூட்டன், ஜீனா யேகர் என்னும் இருவர், ‘வாயேஜர்’ என்னும் விமானத்தில் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருளும் நிரப்பாமல், ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றி வந்தார்கள். பெரிய தொழிற்சாலை எதுவும் கட்டாத விமானம் அது. ஒன்பது நாள் இரைச்சலில் செவி கெட்டுவிடாதிருக்க இத்தகைய ஹெட்போன்களைத்தான் அவர்கள் அணிந்திருந்தார்கள். அப்போது அவை கடைக்கு வராத சோதனைக் கருவிகள்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனிக் கம்பி.

ஒரு தீபத் திருவிழாவின்போது நடந்ததைச் சொல்கிறேன். சாலையின் இரு இடங்களில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி இழுத்திருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் ‘உம்’ என்று ஒரு ரீங்காரம், பாட்டையே விழுங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் தேடினேன். ஆம்ப்ளிஃபையர் குற்றமில்லை, மைக் குற்றமில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனியே எர்த் இருந்தது. அவற்றுக்கு நடுவே நான் இழுத்த கம்பியின் மேல் பின்னியிருந்த வலைக் கவசமும் இரண்டையும் இணைத்துவிட்டது. இரண்டு எர்த்துகளுக்கும் இடையே இருந்த மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு அந்தக் கவசத்தின் வழியே ஓடி வளையம் போட்டது. அதைத்தான் ஆம்ப்ளிஃபையர் பெருக்கிக் காட்டியது. கவசத்தை ஒரு முனையில் மட்டும் விடுவித்தேன்; ரீங்காரம் போன இடம் தெரியவில்லை. பெட்டியின் பாதுகாப்பு எர்த்தை நான் தொடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அதைக் கழற்றினால் இரைச்சலோடு மனிதனும் அடங்கிவிடக்கூடும்.

விமானத்திலும் இதே கதைதான். உலோக உடலுள்ள விமானத்தில் விளக்கு, எரிபொருள் பம்ப் முதலிய பல கருவிகளின் மின்சாரம் உடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. ஆகவே உடலின் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கும். விளக்குக்கு அது தெரியாது, மைக்குக்குத் தெரியும். எனவே மைக் கம்பிக்கும் ஹெட்போன் கம்பிக்கும் எர்த் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடம் இன்டர்காம் பெட்டி. ஜாக்குகளை உலோகப் பலகையில் பொருத்தும்போது, ஜாக்கின் உடல் பலகையைத் தொடாதபடி இரு புறமும் மின்சாரம் கடத்தாத வாஷர்களை இட வேண்டும். மருமகன் கொண்டுவந்த படத்தில் இந்த வாஷர்கள் இல்லை. நான் முதலில் சேர்த்தவை அவைதாம். விலை சில ரூபாய். மதிப்போ அந்தப் பெட்டியின் மதிப்பு.

மைக் கம்பி வலைக் கவசம் போர்த்தியதாக இருக்க வேண்டும். அந்தக் கவசத்தைப் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த்தோடு இணைத்து, ஜாக் பக்கம் வெட்டி மூடிவிட வேண்டும். கவசத்துக்குள்ளேயே மைக்கின் திரும்பும் கம்பி தனியாக வர வேண்டும். மைக் கம்பியையும் ஹெட்போன் கம்பியையும் ஒரே கவசத்துக்குள் திணிக்கக் கூடாது. பெருக்கிய ஒலி பெருக்காத ஒலிக்குள் கசிந்தால் ஊளையிடும். மாக்னெட்டோவின் கம்பி, மின்னும் விளக்கின் கம்பி, ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த கம்பி ஆகிய மூன்றும் மைக் கம்பிக்குப் பகைவர்கள். அவற்றோடு சேர்த்துக் கட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோவது நல்லது; குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும்.

வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஒயர் விமானத்துக்கு ஆகாது. தீப்பட்டால் அதன் பிளாஸ்டிக் உறை நச்சுப் புகையைக் கக்கும். சிறிய அறைக்குள் அந்தப் புகை தீயைவிடக் கொடியது. விமானத்துக்கென்றே செய்த உறையுள்ள ஒயர்தான் வேண்டும். சால்டரிங் செய்த இடத்தில் கம்பி விறைத்துப்போகும். யந்திரத்தின் அதிர்வில், விறைத்த இடமும் வளையும் இடமும் சேரும் எல்லையில்தான் அது ஒடியும். ஆகையால் ஒவ்வொரு இணைப்பையும் சுருங்கு குழாயால் போர்த்தி, அருகிலேயே ஒரு பிடி போட்டுக் கட்ட வேண்டும். பலகைக்குப் பின்னால் ஒரு முழம் கம்பி மிச்சம் இருக்கட்டும். பிற்காலத்தில் பெட்டியை வெளியே இழுத்துப் பார்ப்பவன் உங்களை வாழ்த்துவான். கம்பியின் இரு முனையிலும் அதன் பெயரை எழுதிக் கட்டுங்கள். பெட்டிக்கு மின்சாரம் வரும் வழியில், அதன் ஏட்டில் குறித்த அளவில் ஒரு ஃப்யூஸ் வையுங்கள்.

எல்லாவற்றையும் முதலில் திண்ணையிலேயே இணைத்தோம். ஒரு பாட்டரி, பெட்டி, நான்கு ஜாக்குகள், இரண்டு ஹெட்போன்கள். ஏன் திண்ணையில்? பாட்டரியின் மின்சாரம் சுத்தமானது. திண்ணையில் தெளிவாகக் கேட்டு, விமானத்தில் இரைந்தால், குற்றம் பெட்டியில் இல்லை, பொருத்தியதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நோயைத் தேடும் வேலை பாதியாகக் குறைகிறது.

இரண்டு வாரம் கழித்து அவன் என்னைக் கொட்டகைக்கே அழைத்துப் போனான். யந்திரத்தை ஓட்டாமல் ஒவ்வொரு கருவியாகப் போட்டுப் பார்த்தோம், மௌனம். ஃப்யூஸை உருவிவிட்டு ரேடியோவில் பேசச் சொன்னேன், பேசியது. யந்திரத்தைத் தரையிலேயே ஓட்டிப் பார்ப்பது கடைசிச் சோதனை. யந்திரத்தின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் சீழ்க்கை கேட்டால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். டிக் டிக் என்று கேட்டால் மாக்னெட்டோவை. சீரான இடைவெளியில் ஒரு தட்டுத் தட்டினால் மின்னும் விளக்கை. ரேடியோவில் பேசும்போது மட்டும் குரல் சிதைந்தால் ஆன்டென்னாக் கம்பியை. இவை எதுவும் கேட்கவில்லை. என் மருமகன் இடப் புறம், நான் வலப் புறம். முன்னால் விசிறி கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றுகொண்டிருந்தது. காதில் மட்டும் அவன் குரல், திண்ணையில் பேசுவது போலத் தெளிவாக இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில் ஒரு தவறு செய்துவிட்டேன். கொஞ்சமும் இரைச்சல் நுழையாதிருக்க வேண்டும் என்று அந்த ஸ்குவெல்ச் குமிழை வேண்டிய அளவுக்கு மேல் திருகிவைத்துவிட்டேன். வாயிற்காவலன் மிகவும் கண்டிப்பானவனாகிவிட்டான்.

“நான் இறங்கி வெளியில் நின்று பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். அவன் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இப்போது இறங்க” என்றது என் காதில். அதன் பிறகு மௌனம். மீதியை என் மனமே பூர்த்தி செய்துகொண்டது: இறங்கலாம். இடுப்பு வாரை அவிழ்த்தேன். கதவுத் தாழில் கை வைத்தேன். அவன் என் மேற்கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள் மூன்று நாள் வலித்தது. விசிறி அந்தக் கதவிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசினோம். அவன் சொன்னது “இப்போது இறங்க வேண்டாம்” என்று. முள்ளைப் பார்த்த கவனத்தில் ‘இறங்க’ என்பதற்குப் பிறகு சற்றே நின்றிருக்கிறான். அந்த இடைவெளியில் கதவு மூடிக்கொண்டது. பிறகு அவன் தணிந்த குரலில் சொன்ன ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குக் கதவு திறக்கவே இல்லை.

நேயர்களே, இதில் நம் மொழிக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏவலை மறுக்கும் சொல் முதலில் வரும். கதவு திறக்கத் தாமதித்தால் அது அடிபடும். தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. இறங்கலாம், இறங்க வேண்டாம்; தொடு, தொடாதே. கதவு முந்தி மூடினாலும், குரல் தணிந்தாலும் அடிபடுவது அந்தக் கடைசிச் சொல்தான். எஞ்சி நிற்பதோ நேர்மாறான கட்டளை. கருவியைச் செய்தவர்கள் இதை நமக்காக யோசித்திருக்க மாட்டார்கள். நாம்தான் யோசிக்க வேண்டும்.

அன்றே மூன்று விதிகள் செய்துகொண்டோம். யந்திரம் ஓடும்போது, எவரும் பேசாத நிலையில், இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டுமே குமிழைத் திருக வேண்டும். அதற்கு மேல் ஒரு மயிரிழையும் கூடாது. மைக் உதட்டிலிருந்து ஒரு நெல் நீளத்துக்குள் இருக்க வேண்டும். விமான மைக் இரு புறமும் ஒலி நுழையும்படி செய்யப்பட்டது. தூரத்து இரைச்சல் இரு புறமும் சமமாக நுழைந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அருகிலுள்ள வாயின் ஒலி ஒரு புறமே நுழைந்து பிழைத்துக்கொள்ளும். தள்ளிவைத்தால் பேச்சும் இரைச்சலோடு அழியும். மூன்றாவது விதிதான் முக்கியமானது: மறுப்பதாயின் முதலிலேயே ‘வேண்டாம்’ என்று சொல்லி, முடிவிலும் சொல்வது, கேட்டவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்வது, திருப்பிச் சொல்லாமல் எதையும் செய்யாதிருப்பது.

திருப்பிச் சொல்வது விமானிகளின் பழைய வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு விலை கொடுத்து உறுதிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி டெனெரிஃப் தீவில், பனி மூடிய ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். கோபுரத்திலிருந்து ஒருவரும், ஒரு விமானத்திலிருந்து மற்றொருவரும் ஒரே கணத்தில் ரேடியோவில் பேசிவிட்டார்கள். இரண்டு குரல்களும் மோதிச் சீழ்க்கையாயின. ‘காத்திருங்கள்’ என்ற சொல் போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. சேராமற் போன சொல்லும் அவற்றுள் ஒன்று.

சஜி தாமஸைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். பள்ளிப் படிப்பும் அதிகம் இல்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறு வயதில் கண்டு, அந்த ஆசையைப் பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, இரண்டு பேர் அமரும் இலகு விமானம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டினார். அதை 2014-ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டு மணிமுத்தாற்றில், விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற எஸ்.கே.ஜே. நாயர் என்னும் அதிகாரி பறக்கவிட்டுக் காட்டினார்.

நான் இன்று இவ்வளவு நேரம் விவரித்த பெட்டியும் கம்பியும் ஹெட்போனும் சஜி தாமஸுக்குப் பயன்படா. ஆயினும் அவரை நினைக்கும்போது, அந்தப் பெட்டியின் உண்மையான வேலை எனக்கு விளங்குகிறது. குரலைக் கொண்டுபோவது அதன் வேலையில் பாதி. ஒருவர் கருதியது மற்றவருக்குப் பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது என்ற உறுதி மற்றப் பாதி. அந்த மறு பாதியை எந்தக் கடையிலும் விற்பதில்லை. கேட்கும் செவி உடையவர்களும் அதைக் கையாலும் கண்ணாலும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இப்போது என் மருமகனும் நண்பர்களும் யந்திரத்தைத் தொடங்குமுன், பெட்டி பேசினாலும் பேசாவிட்டாலும், ஆறு கைச் சைகைகளை ஒருவருக்கொருவர் காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்கு நேரே நிறுத்தினால் ‘வேண்டாம்’ என்று பொருள். அந்தச் சைகைதான் பட்டியலில் முதலாவது.

அவர்களுக்கு அனுமதி கிடைத்து, சோதனைப் பறப்புகளும் முடிந்த பிறகு, என்னை ஒரு முறை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கேள்விப்பட்டு, “தாத்தா, மேலே போய் என்ன பேசுவீர்கள்?” என்று கேட்கிறார்கள். முதலில் அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.